நான்கு விடைகள், நான்கு வினாக்கள்

நுழையும்முன்

வேகம், தொலைவு, காலம் ஆகிய மூன்றையும் இணைக்கும் வாய்பாடு நடுநிலைப்பள்ளி மாணவருக்கும் தெரிந்ததே. ஆயினும் ஓடும் தொடர்வண்டியைப் பற்றிய கணக்கு வந்துவிட்டால் பட்டப்படிப்பு முடித்தவரும் தடுமாறுகிறார். பிழை பெரும்பாலும் பெருக்கலிலோ வகுத்தலிலோ நேர்வதில்லை. வினாவில் உள்ள வினைச்சொல்லைப் படிக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. கணக்கு ஒன்றினை மொழியறிவோடு அணுகும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

அரசுப்பணித் தேர்வுகளிலும் வங்கித் தேர்வுகளிலும் ஆண்டு தவறாமல் இடம்பெறும் வினாவின் அமைப்பு இது: ‘180 மீட்டர் நீளமுள்ள தொடர்வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அது 220 மீட்டர் நீளமுள்ள நடைமேடையைக் கடக்க எத்தனை நொடிகள் ஆகும்?’ கீழே நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். அவை 2, 9, 11, 20 என்று கொள்வோம்.

மணிக்கு 72 கி.மீ. என்பது நொடிக்கு 20 மீட்டர். இதுவரை எவரும் தவறுவதில்லை. அடுத்த படியில்தான் வழி நான்காகப் பிரிகிறது. ஒருவர் வண்டியின் நீளத்தை 20ஆல் வகுத்து 9 என்கிறார். மற்றொருவர் நடைமேடையின் நீளத்தை வகுத்து 11 என்கிறார். மூன்றாமவர் இரண்டையும் கழித்து, 40ஐ 20ஆல் வகுத்து 2 என்கிறார். நான்காமவர் இரண்டையும் கூட்டி, 400ஐ 20ஆல் வகுத்து 20 என்கிறார். நால்வரின் வகுத்தலும் சரியே. விடையோ ஒன்றுதான் இருக்க முடியும்.

வினாத்தாள் அமைப்பவர் தவறான விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில்லை. மாணவர் எந்தெந்த இடத்தில் வழுக்குவார் என்று முன்பே கணித்து, அங்கெல்லாம் ஒவ்வொரு விடையை வைத்துவிடுகிறார். தாம் கண்ட எண் வினாத்தாளிலும் இருப்பதைப் பார்த்த மாணவர் மகிழ்ந்து குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்கிறார். ‘கூட்ட வேண்டுமா, கழிக்க வேண்டுமா?’ என்று வாய்பாடுகளை மனப்பாடம் செய்வதால் இந்தச் சறுக்கல் நீங்குவதில்லை. நடைமேடைக்கு ஒன்று, கம்பத்துக்கு ஒன்று, பாலத்துக்கு ஒன்று, எதிர்வரும் வண்டிக்கு ஒன்று எனச் சேர்த்துவைத்த வாய்பாடுகள் தேர்வறையின் பரபரப்பில் ஒன்றோடொன்று குழம்பிப் போவதே வழக்கம்.

ஆகவே வினாவிலுள்ள எண்களை விட்டுவிட்டு வினைச்சொல்லை முதலில் பார்ப்போம். ‘கடத்தல்’ என்றால் என்ன?

‘எறும்பு கோட்டைக் கடந்தது’ என்னும்போது எறும்பின் நீளத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘மலைப்பாம்பு சாலையைக் கடந்தது’ என்னும் தொடர் அப்படிப்பட்டதன்று. மலையடிவாரச் சாலையில் நான்கு மீட்டர் நீளமுள்ள பாம்பு ஒன்று ஊர்ந்து செல்கிறது. அதைக் கண்ட ஓட்டுநர் காரை நிறுத்திக் காத்திருக்கிறார். பாம்பின் தலை சாலையின் மறுபக்கத்தைத் தொட்டவுடன் அவர் காரை எடுப்பாரா? எடுக்கமாட்டார். வாலின் நுனியும் சாலையை விட்டு நீங்க வேண்டும். அப்போதுதான் பாம்பு சாலையைக் கடந்தது என்று சொல்ல முடியும். தொடர்வண்டியும் தலையும் வாலும் உடைய நெடும்பொருளே. இலக்கணத்தில் வினைமுற்று என்பது பொருள் முற்றுப்பெற்ற வினைச்சொல். ‘கடந்தது’ என்னும் வினை தண்டவாளத்தில் எந்த இடத்தில் முற்றுப்பெறுகிறது என்று காண்பதே இந்தக் கணக்கின் பெரும்பகுதி.

ஒவ்வொரு கடத்தலுக்கும் தொடக்கக் கணம் ஒன்றும் முடிவுக் கணம் ஒன்றும் உண்டு. தொடக்கத்தில் எஞ்சினின் முகப்பு நடைமேடையின் முதல் விளிம்பைத் தொடுகிறது. முடிவில் கடைசிப் பெட்டியின் பின்விளிம்பு நடைமேடையின் மறு விளிம்பை விட்டு நீங்குகிறது. இந்த இரு கணங்களுக்கும் இடையே வண்டி எவ்வளவு தொலைவு நகர்ந்தது என்பதை அறியக் கடைசிப் பெட்டியில் கொடியுடன் நிற்பவரைக் கவனித்தால் போதும். நெடுங்காலமாகக் ‘கார்டு’ என்று அழைக்கப்பட்ட அவரது பணிப்பெயர் 2022ஆம் ஆண்டில் ‘டிரெயின் மேனேஜர்’ என மாற்றப்பட்டது. மக்கள் வழக்கில் அவர் இன்றும் கார்டுதான். எஞ்சின் நடைமேடையைத் தொடும் கணத்தில் கார்டு 180 மீட்டர் பின்னால் இருக்கிறார். முடிவுக் கணத்தில் அவர் நடைமேடையின் மறு விளிம்பில் இருக்கிறார். எனவே அவர் நடைமேடைக்கு வந்துசேர 180 மீட்டரும் அதைத் தாண்ட 220 மீட்டரும் ஆக 400 மீட்டர் பயணம் செய்திருக்கிறார். நீளங்களைக் கூட்ட வேண்டும் என்று எவரும் சொல்லித் தராமலே கூட்டல் அங்கே வந்து நிற்கிறது. விடை 20 நொடிகள்.

இனி மற்ற மூன்று விடைகளும் என்னவாயின என்று பார்க்க வேண்டும். அவை வீண்விடைகள் அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு வினாவுக்குச் சரியான விடை.

நடைமேடையில் நிற்கும் தேநீர்க்கடைக்காரரைத் தொடர்வண்டி எத்தனை நொடிகளில் கடந்தது என்று கேட்டிருந்தால் 9 என்பதே சரி. எஞ்சின் அவருக்கு நேரே வரும்போது கார்டு 180 மீட்டர் பின்னால் இருக்கிறார். கார்டு அவருக்கு நேரே வந்ததும் கடத்தல் முடிந்துவிடுகிறது. விளக்குக் கம்பம், மரம், சிக்னல் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். வண்டியின் நீளத்தோடு ஒப்பிட அவற்றின் அகலம் பொருட்படுத்தத் தக்கதன்று.

வண்டிக்குள் சன்னல் ஓரம் அமர்ந்திருக்கும் பயணிக்கு நடைமேடை எத்தனை நொடிகள் கண்ணுக்கு நேராக ஓடியது என்று கேட்டிருந்தால் 11 சரி. பயணிக்கு வண்டியின் நீளத்தைப் பற்றிக் கவலையில்லை. நடைமேடையின் தொடக்க விளிம்பு அவருடைய சன்னலுக்கு நேரே வருகிறது. 220 மீட்டர் கழித்து மறு விளிம்பு வருகிறது. அவர் முதற்பெட்டியில் இருந்தாலும் கடைசிப் பெட்டியில் இருந்தாலும் அதே 11 நொடிகள்தாம்.

வண்டி முழுவதும் நடைமேடையின் எல்லைக்குள் இருந்த நேரம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் 2 சரி. வால் நடைமேடைக்குள் நுழைந்த கணத்தில் இந்த நேரம் தொடங்குகிறது. தலை நடைமேடையை விட்டு வெளியேறும் கணத்தில் முடிகிறது. தொடக்கத்தில் தலைக்கு முன்னே எஞ்சியிருக்கும் நடைமேடை 40 மீட்டர் மட்டுமே. சுரங்கப்பாதைக் கணக்குகளில் ‘வண்டி முழுமையாக மறைந்திருந்த நேரம்’ என்று கேட்பது இதைத்தான்.

ஆக, நான்கு மாணவர்களும் விடையில் தவறவில்லை. நால்வரில் மூவர் கேட்கப்படாத வினாவுக்கு விடையளித்தார்கள். இந்த வேறுபாட்டை உணர்ந்தவருக்கு அடுத்த கணக்கு எளிதாகிவிடும். ஒரு வண்டி கம்பத்தை 9 நொடிகளிலும் 220 மீட்டர் நடைமேடையை 20 நொடிகளிலும் கடக்கிறது. வேகமும் நீளமும் என்ன? இதற்கு இரு சமன்பாடுகள் எழுதித் தீர்ப்பது வழக்கம். எழுதாமலும் தீர்க்கலாம். கம்பத்துக்கும் நடைமேடைக்கும் வண்டியின் நீளம் பொதுவானது. நடைமேடையால் கூடிய நேரம் 11 நொடிகள். எனவே 220 மீட்டர் ஓட 11 நொடிகள். வேகம் நொடிக்கு 20 மீட்டர். நீளம் 180 மீட்டர்.

அலகு மாற்றத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் 1,000 மீட்டர். ஒரு மணி 3,600 நொடி. ஆகவே மணிக்கு 18 கி.மீ. என்பது நொடிக்கு 5 மீட்டர். 36க்கு 10, 54க்கு 15, 72க்கு 20, 90க்கு 25, 108க்கு 30 என்று அது வளரும். தேர்வுத்தாளில் ஓடும் வண்டிகள் எல்லாம் 18இன் மடங்குகளிலேயே ஓடுவது வினா அமைப்பவரின் இரக்கம். உண்மையான வண்டிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

உண்மையான இடம் ஒன்றில் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். இராமேசுவரம் தீவை நிலத்தோடு இணைக்கும் பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. அதன் அருகே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. புதிய பாலத்தின் நீளம் ஏறத்தாழ 2,080 மீட்டர். 420 மீட்டர் நீளமுள்ள வண்டி ஒன்று மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அதன்மேல் செல்வதாகக் கொள்வோம். நொடிக்கு 10 மீட்டர். படகில் இருந்து பார்க்கும் மீனவருக்கு, எஞ்சின் பாலத்தில் ஏறியதிலிருந்து கடைசிப் பெட்டி இறங்கும்வரை 2,500 மீட்டர். 250 நொடிகள், அதாவது 4 நிமிடம் 10 நொடி. சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு வரும் சிறுமிக்குப் பாலம் 208 நொடிகளில், அதாவது 3 நிமிடம் 28 நொடியில் முடிந்துவிடுகிறது. இருவரும் கடிகாரம் வைத்துப் பார்த்துப் பின்னர் ஒருவரையொருவர் சந்தித்தால் வழக்காடக்கூடும். இருவர் சொல்வதும் உண்மை. சிறுமி தன்னைப் பற்றிச் சொல்கிறாள். மீனவர் வண்டியைப் பற்றிச் சொல்கிறார். எழுவாய் மாறினால் விடை மாறும்.

நிற்கும் பொருளைக் கடப்பதில் இவ்வளவு இருக்குமானால், ஓடும் வண்டி மற்றோர் ஓடும் வண்டியைக் கடக்கும்போது குழப்பம் மிகுவது இயல்பே. அதைத் தெளிவாக்கும் அனுபவம் தொடர்வண்டியில் சென்ற எல்லாருக்கும் உண்டு. நிலையத்தில் நிற்கும் வண்டியில் அமர்ந்திருக்கிறோம். பக்கத்துத் தண்டவாளத்தில் நிற்கும் வண்டி மெல்ல நகர்கிறது. நம் வண்டிதான் புறப்பட்டுவிட்டது என்று ஒரு கணம் மனம் நம்பிவிடுகிறது. மறுபக்கத்துச் சன்னலில் தெரியும் நடைமேடைத் தூணைப் பார்த்த பிறகே உண்மை புலப்படுகிறது. சீரான வேகத்தில் செல்லும் கலத்துக்குள் இருப்பவர், வெளியே பார்க்காமல் தாம் நகர்கிறோமா நிற்கிறோமா என்று கண்டறிய முடியாது என்பதைக் கலிலியோ 1632இல் வெளியான தம் நூலில் கப்பலின் கீழறை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். நகர்வு என்பது எதைச் சார்ந்து அளக்கிறோமோ அதைப் பொறுத்தது.

இந்த உண்மையைக் கணக்கிலே ஒரு கருவியாகக் கொள்ளலாம். இரண்டு வண்டிகளில் ஒன்றில் ஏறி அமர்ந்துகொண்டு அது நிற்பதாகவே கருத வேண்டும். 180 மீட்டர் நீளமுள்ள முதல் வண்டி நொடிக்கு 20 மீட்டர் வேகத்திலும், 270 மீட்டர் நீளமுள்ள இரண்டாம் வண்டி நொடிக்கு 25 மீட்டர் வேகத்திலும் எதிரெதிரே வருகின்றன. முதல் வண்டி நிற்பதாகக் கருதி அதில் அமர்ந்திருப்பவரின் பார்வையில் இரண்டாம் வண்டி நொடிக்கு 45 மீட்டர் பாய்ந்து வருகிறது. இதுவே சார்பு வேகம். இனி இது பழைய நடைமேடைக் கணக்குதான்: 180 மீட்டர் நீள ‘நடைமேடை’, 270 மீட்டர் நீள வண்டி. மொத்தம் 450 மீட்டர், 10 நொடிகள்.

இங்கும் எழுவாயைக் கவனிக்க வேண்டும். முதல் வண்டியின் பயணி ஒருவர், எதிர்வண்டி தம் சன்னலைத் தாண்டிப் போக எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்தால் 270ஐ 45ஆல் வகுக்க, 6 நொடிகள். இரண்டாம் வண்டியின் பயணிக்கு முதல் வண்டி 180ஐ 45ஆல் வகுக்க, 4 நொடிகளில் மறைந்துவிடுகிறது. ஆறும் நான்கும் சேர்ந்து பத்து. இது தற்செயல் அன்று. நீளங்களைக் கூட்டுவதன் பொருளே இதுதான்.

அதே இரு வண்டிகள் அடுத்தடுத்த தண்டவாளங்களில் ஒரே திசையில் சென்றால், நிற்பதாகக் கருதிய முதல் வண்டியைப் பின்னிருந்து வரும் வண்டி நொடிக்கு 5 மீட்டர் மட்டுமே நெருங்குகிறது. அதே 450 மீட்டருக்கு 90 நொடிகள் ஆகின்றன. அந்த 90 நொடிகளில் விரைந்து வரும் வண்டி தரையில் ஓடிய தொலைவு 2,250 மீட்டர். ஒரு வண்டியை ஓட ஓட முந்திச் செல்வதற்கு எத்தனை நீளமான இரட்டைப்பாதை வேண்டும் என்பது இதனால் விளங்கும். இருப்புப்பாதைத் துறையினர் அப்படிச் செய்வதில்லை. மெதுவாகச் செல்லும் வண்டியை நிலையத்தின் பக்கப்பாதையில் நிறுத்திவைத்து விரைவு வண்டியை முன்னே விடுகின்றனர். அந்தப் பக்கப்பாதையை அவர்கள் ‘லூப் லைன்’ என்பர்.

ஒரே பாதையில் இருதிசை வண்டிகளும் ஓடும் பகுதிகளில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. அ, ஆ என்னும் ஊர்களுக்கு இடையே 360 கி.மீ. அ ஊரிலிருந்து காலை 6 மணிக்கு ஒரு வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. ஆ ஊரிலிருந்து 7 மணிக்கு மற்றொன்று மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. அவை எப்போது சந்திக்கும்? அவசரக்காரர் 360ஐ 150ஆல் வகுத்துவிடுவார். 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஓடியது ஒரு வண்டி மட்டுமே. அது 60 கி.மீ. வந்துவிட்டது, மீதி 300 கி.மீ. இடைவெளியைத்தான் இரண்டும் சேர்ந்து மணிக்கு 150 கி.மீ. வீதம் குறைக்கின்றன. இரண்டு மணி நேரம். காலை 9 மணி. அ ஊரிலிருந்து 180ஆவது கிலோமீட்டர்.

பாடநூல் கணக்கு இங்கே முடிந்துவிடும். இருப்புப்பாதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு இங்கேதான் தொடங்குகிறது. 180ஆவது கிலோமீட்டரில் நிலையம் இல்லை என்று கொள்வோம். 172ஆவது கிலோமீட்டரில் ஒன்றும் 186ஆவது கிலோமீட்டரில் ஒன்றும் உள்ளன. இரண்டில் ஏதேனும் ஒன்றில் ஒரு வண்டி ஒதுங்கி நின்றாக வேண்டும். முதல் வண்டி 172ஐ 8.52க்கு அடைகிறது. எதிர்வண்டி அங்கு வந்துசேர 188 கி.மீ. ஓட வேண்டும், 9 மணி 5 நிமிடம் 20 நொடி ஆகிவிடும். முதல் வண்டி அங்கே 13 நிமிடங்களுக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். மாறாக, இரண்டாம் வண்டியை 186இல் நிறுத்தினால் அது 8.56க்கு வந்து 9.06 வரை, பத்து நிமிடம் காத்திருக்கும். எந்த வண்டியைக் காக்கவைப்பது? பத்து நிமிடம் குறைவுதான். ஆனால் காத்திருப்பது விரைவு வண்டி. கட்டுப்பாட்டாளர் நொடிப்பொழுதில் முடிவெடுக்கிறார். பெயர் தெரியாத சிறு நிலையத்தில் வண்டி ‘காரணமே இல்லாமல்’ நிற்பதாகப் பயணிகள் சலித்துக்கொள்கின்றனர். பெரும்பாலும் காரணம் சில நிமிடத் தொலைவில் எதிரே வந்துகொண்டிருக்கும்.

இத்தகைய முடிவுகளுக்குத் துணையாக அமைவது ஒரு வரைபடம். கிடைக்கோட்டில் நேரம், செங்குத்துக் கோட்டில் நிலையங்கள், அவற்றுக்கிடையே உள்ள தொலைவுக்கு ஏற்ற இடைவெளியில். ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்கோடு. கோடு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு வேகம். கோடு படுத்துவிட்டால் வண்டி நிலையத்தில் நிற்கிறது. எதிர்த்திசை வண்டியின் கோடு மறுபக்கம் சாய்ந்திருக்கும். இரு கோடுகள் வெட்டும் புள்ளியே சந்திப்பு. ஒற்றைப்பாதையில் அந்தப் புள்ளி நிலையக் கோட்டின்மேல்தான் விழ வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே விழுந்தால் அது வரைபடம் அன்று, விபத்து. பாரிஸ், லியோன் நகரங்களுக்கு இடையே ஓடிய வண்டிகளுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இவ்வாறு வரைந்த படம் ஒன்று உண்டு. பிரெஞ்சு அறிஞர் எத்தியன் ழூல் மாரே வரைபட முறையைப் பற்றிய தம் நூலில் அதனைச் சேர்த்தார். இன்று கணினித் திரைக்கு மாறிய இடங்களிலும் கட்டுப்பாட்டாளர் காண்பது அதே சாய்கோடுகளைத்தான்.

சந்திப்புக் கணக்குகளுள் ஒன்று உலகப் புகழ்பெற்றது. 120 கி.மீ. இடைவெளியில் இரு வண்டிகள் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வருகின்றன. ஒன்றன் முகப்பிலிருந்து மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் புறப்படும் புறா எதிர்வண்டியைத் தொட்டுத் திரும்புகிறது. மீண்டும் முதல் வண்டியைத் தொட்டுத் திரும்புகிறது. வண்டிகள் சந்திக்கும்வரை அது பறந்த மொத்தத் தொலைவு என்ன? புறாவின் ஒவ்வொரு பயணத்தையும் தனித்தனியே கணக்கிட்டால் முடிவிலாத் தொடர் ஒன்று உருவாகும். வண்டிகள் சந்திக்க ஒரு மணி நேரமாகும் என்பதைக் கண்டவுடன் விடை கைக்கு வந்துவிடுகிறது: 90 கி.மீ. கணித மேதை ஜான் வான் நியூமனிடம் இத்தகைய புதிர் ஒன்றைச் சொன்னபோது அவர் உடனே விடையளித்தாராம். ‘சுருக்குவழி உங்களுக்கு முன்பே தெரியும் போலும்’ என்று கேட்டவருக்கு, தாம் அந்தத் தொடரைக் கூட்டியே விடை கண்டதாக அவர் சொன்னார் என்று கணித உலகில் ஒரு கதை வழங்குகிறது. மற்றவர்க்குச் சுருக்குவழியே போதும்.

சராசரி வேகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் இதில் பெரியவர்களும் தவறுகின்றனர். 120 கி.மீ. தொலைவை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சென்று, 40 கி.மீ. வேகத்தில் திரும்பினால் சராசரி 50 அன்று. போக 2 மணி, வர 3 மணி, 240 கி.மீ. பயணத்துக்கு 5 மணி, சராசரி 48. மெதுவாக ஓடிய பகுதி அதிக நேரத்தை எடுத்துக்கொள்வதால் சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. சென்னை – கோவை வந்தே பாரத் வண்டி 2023 ஏப்ரலில் தொடங்கப்பட்டபோது ஏறத்தாழ 495 கி.மீ. தொலைவுக்கு அறிவிக்கப்பட்ட நேரம் 5 மணி 50 நிமிடம். சராசரி மணிக்கு ஏறத்தாழ 85 கி.மீ. அந்த வண்டியின் வேகங்காட்டியில் 85 என்னும் எண் சில கணங்களே தென்பட்டிருக்கலாம்.

இந்தக் கணக்குகள் தாளில் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். தண்டவாளத்தில் தவறினால் திருத்திக்கொள்ள இடமில்லை.

மூடிய கேட்டின் கீழே குனிந்து மிதிவண்டியைத் தள்ளிச் செல்பவர் மனத்திலும் ஒரு வேகக்கணக்கு ஓடுகிறது. ‘வண்டி தொலைவில்தான் இருக்கிறது, அதற்குள் போய்விடலாம்.’ மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 450 மீட்டர் தொலைவில் தெரிகிறது என்று கொள்வோம். நொடிக்கு 30 மீட்டர்; வந்துசேர 15 நொடிகள். இரட்டைப்பாதையின் ஒரு பக்கத்துப் பாதுகாப்பான இடத்திலிருந்து மறுபக்கத்துப் பாதுகாப்பான இடம்வரை 12 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 10 நொடிகள். மிச்சம் 5 நொடி. பார்த்தது, தயங்கியது, குனிந்தது, மிதிவண்டியின் சக்கரத்தைத் தண்டவாளத்தின்மேல் தூக்கி வைத்தது ஆகிய அனைத்தும் அந்த ஐந்து நொடிக்குள் அடங்க வேண்டும். இங்கும் ‘கடத்தல்’ என்பது மனிதரின் முன்காலோடு முடிவதில்லை. மிதிவண்டியின் பின்சக்கரத்தோடு முடிகிறது. மறுபாதையில் இன்னொரு வண்டி வராது என்பதையும் அவர் தாமாகவே கருதிக்கொள்கிறார்.

ஓட்டுநர் நிறுத்திவிடுவார் என்பது அடுத்த நம்பிக்கை. வேகம் நொடிக்கு 30 மீட்டர். தடையால் ஒவ்வொரு நொடியும் அரை மீட்டர் வேகம் குறைவதாகக் கொள்வோம். நிற்க 60 நொடிகள். அந்த நேரத்தில் சராசரி வேகம் 15 மீட்டர். ஆகவே வண்டி நிற்பதற்குள் 900 மீட்டர் ஓடிவிடும். 450 மீட்டர் தொலைவில் ஆளைக் கண்ட ஓட்டுநர் அக்கணமே தடையை இட்டாலும், வண்டி அந்த இடத்தைத் தாண்டி இன்னும் 450 மீட்டர் சென்றே நிற்கும். அவரால் செய்ய முடிந்தது ஒலியெழுப்புவது மட்டுமே.

கண்ணும் இங்கே துணை நிற்பதில்லை. உருவத்தில் பெரிய பொருள்கள் தம் உண்மை வேகத்தைவிட மெதுவாக வருவதாகவே கண்ணுக்குத் தோன்றும் என்பதை, இருப்புப்பாதைக் கடவு விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் 1985இல் எடுத்துக்காட்டினார். நேரெதிரே நின்று பார்ப்பவருக்கு வண்டி பக்கவாட்டில் நகர்வதில்லை. அதன் முகப்பு சிறிது சிறிதாகப் பெரிதாவது மட்டுமே தெரியும். அந்த வளர்ச்சி தொலைவில் மிக மெதுவாகவும் அருகில் திடீரென்றும் நிகழ்கிறது. இந்திய அகலப்பாதையில் ஆளில்லாக் கடவுகள் 2019 ஜனவரியோடு நீக்கப்பட்டுவிட்டன. ஆள் நின்று மூடிய கேட்டின் கீழே குனிந்து செல்வோர் மட்டும் இன்னும் தம் கண்ணை நம்புகின்றனர்.

கற்பவை கற்றபின்

1. 150 மீட்டர் நீளமுள்ள தொடர்வண்டி மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் 300 மீட்டர் நீளமுள்ள பாலத்தின்மேல் செல்கிறது. இதிலிருந்து நான்கு வெவ்வேறு வினாக்களை எழுதி விடை காண்க. அவற்றுள் இரண்டு வினாக்களுக்கு ஒரே விடை வருவதன் காரணத்தை வகுப்பில் விளக்குக.

2. நிற்காமல் செல்லும் வண்டி ஒன்று விளக்குக் கம்பத்தைக் கடக்கும் நேரத்தை, நடைமேடையின் மஞ்சள் கோட்டுக்கு நன்கு பின்னால் நின்று அளக்க. பெட்டி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 24 மீட்டர் எனக் கொண்டு பெட்டிகளை எண்ணி வண்டியின் வேகத்தைக் கண்டறிக. எண்ணுவதில் ஒரு பெட்டி தவறினால் விடை எவ்வளவு மாறும் என்பதையும் குறிப்பிடுக.

3. ‘வண்டி நடைமேடையைத் தாண்டியது’, ‘வண்டி நடைமேடைக்குள் நுழைந்தது’, ‘வண்டி நடைமேடையை விட்டு நீங்கியது’ ஆகிய மூன்று தொடர்களிலும் வினை எந்தக் கணத்தில் முற்றுப்பெறுகிறது என்பதைப் படம் வரைந்து காட்டுக.